பீன்ஸ் தோட்டத்துத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசி மாதம், ஏற்காடு மலையில் எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் சதுப்பு நிலத்தில் நடந்தது இது. கோடை வந்தால் எங்கள் ஊற்று வற்றிவிடும். அடிவாரத்திலிருந்து வரும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு சண்டை போடுவதில் நான்தான் முதல் ஆள்.

சதுப்பு நிலங்களை மீட்கும் குழு ஒன்று வந்து பார்த்தது. காலங்காலமாக இலைதழை மக்கிச் சேர்ந்த கருமண் அது. நனைந்திருந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுக்கு விடுமாம். காய்ந்தாலோ மண்ணே கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாகிக் காற்றில் போய்விடுமாம். யாரோ எப்போதோ வெட்டிய வடிகாலை அடைத்தால் போதும் என்றார்கள். ஆனால் தண்ணீர் வடிந்த இடத்தில் ஓர் அக்கா பீன்ஸ் போட்டிருந்தார். கணவரை இழந்த அவருக்கு அதுதான் பிழைப்பு.

"கிறிஸ்துமஸுக்குள்ள காய் எடுத்துருவனுங்க. அப்புறம் அடைச்சுக்கோங்க" என்றார். மழையைத் தவறவிட்டால் அடுத்த கோடையும் லாரிதான் என்று எங்களுக்கு அவசரம். "பாதி உயரத்துக்குத்தான் அடைக்கிறோமுங்கக்கா, செடிக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்று அடித்துச் சொன்னது நான். அரை மனதோடு தலையாட்டினார். மரக்கட்டையும் மண்மூட்டையும் வைத்து அடைத்தோம்.

அடுத்த வாரமே அடைமழை. விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தால், முழங்கால் தண்ணீரில் நின்று அக்கா பிஞ்சுகளைப் பறித்துக்கொண்டிருந்தார். பதறிப்போய் ஒரு மண்மூட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உடு கண்ணு. வேரெல்லாம் அழுகிப்போச்சு. இனித் தொறந்தா உங்க தண்ணியும் போயிரும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து வந்த கோடையில் ஊற்று வற்றவில்லை, லாரியும் வரவில்லை. தெருவே கூடி ஊற்றடியில் பொங்கல் வைத்தோம், குழுவினருக்கு மாலை போட்டோம். அக்காவைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மறுநாள் காலை எஸ்டேட் கூலி வேலைக்குப் போகிற வழியில் அக்கா, ஊற்றுத் தண்ணீர் வரும் எங்கள் தெருக்குழாயில் குனிந்து குடித்துவிட்டு, "நொம்ப சில்லுனு இருக்குது கண்ணு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேறு நிலம் பார்த்துத் தருவதாகக் கூட்டம் போட்டுப் பேசினோம். பேச்சோடு சரி. போன மாதம் அவர் அடிவாரத்தில் குப்பனூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

இப்போது குழாயடியில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. அந்தத் தண்ணீரை என்னுடையது என்று சொல்ல வாய் வருவதில்லை.