திருச்சபையைத் துறந்தவன் வீட்டுத் திருமணம்

நான் வாழும் செருமனியில் திருச்சபையை விட்டு விலகுவதற்கும் ஓர் அரச அலுவலகம் உண்டு. வாயிலில் வரிசை எண் தருவார்கள். பிள்ளையின் பிறப்பைப் பதிய வந்தவரும் சபையைத் துறக்க வந்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்து, அழைக்கும் மணிக்காகக் காத்திருப்பர். கத்தோலிக்கன் என்று பதிந்தவனின் ஊதியத்திலிருந்து கிர்ஷன்ஸ்டொயர் என்னும் திருச்சபை வரி தானாகவே கழிந்துவிடும் நாடு அது. வந்த புதிதில் இதையறிந்து அதிர்ந்த நான், மனைவியையும் மூன்று வயது மகளையும் சேர்த்தே விலக்கிவிட்டேன். மகளுக்கு ஊதியமே இல்லை என்பது அன்று தோன்றவில்லை. சிக்கனத்திலும் நான் முழுமையை விரும்புபவன். கடவுளை அல்ல, வரியைத்தான் துறக்கிறேன் என்று எழுத்தர் அம்மையாருக்கு உடைந்த மொழியில் விளக்க முயன்றேன். என் தடுமாற்றத்தை அழுகையென எண்ணிய அவர் கண் துடைக்கக் கைத்தாள் ஒன்றை நீட்டினார். "காரணம் தேவையில்லை, கையொப்பம் போதும்" என்றார்.

அதன் பின்னும் மாதந்தோறும் நடைபெறும் தமிழ்த் திருப்பலியில் முன்வரிசை எனதே. இளந்தலைமுறை விசுவாசத்தை இழந்துவருவது குறித்துத் தூய தமிழில் பலமுறை உரையாற்றியிருக்கிறேன். எவரும் உறங்கியதில்லை என்று சொல்லமாட்டேன்.

மகளோ, கைக்குழந்தையாய்த் திருமுழுக்குப் பெற்ற எம் ஊர்க் கோயிலிலேயே மணம்முடிப்பேன் என்று உறுதியாய் நின்றாள். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள சிறு கோயில் அது. மாப்பிள்ளை வீட்டார் அந்நகரத்தவர், அவர்களுக்கும் மகிழ்ச்சியே. அழைப்பிதழ்களைக் கொடுத்து முடித்தபின், ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்க மகளும் மனைவியும் நானும் பங்கு அலுவலகம் சென்றோம். மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறுகள் பூசையில் அறிவித்தாலன்றி இங்கு திருமணம் இல்லை.

பங்குக் குருவான இளைய சுவாமியார் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினார். அவருடைய விரல் பக்க ஓரத்தில் நின்றது. ஊருக்கு நான் எழுதிய மடல்களுள் பாதி போர்க்காலத்தில் வழியிலேயே தொலைந்தன. செருமானியர் அனுப்பிய விலகல் அறிவித்தலோ பழுதின்றி வந்து சேர்ந்திருந்தது. முன்னைய சுவாமியார் அதை யாரையோ கொண்டு மொழிபெயர்த்து, முத்து முத்தான கையெழுத்தில் பதிந்திருந்தார்: 'தந்தையின் அறிக்கைப்படி திருச்சபையை விட்டு விலகினார்.'

"ஐயா, மகள் சபையில இல்ல எண்டெல்லோ இதில கிடக்கு?" என்றார் சுவாமியார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, என்னை எப்ப வெளியில எடுத்தீங்க?"

"அது... ஒரு வரி விசயம், பிள்ளை."

உடன் வந்திருந்த என் தமக்கையார் விடவில்லை. "வரியோ? செல்லடிக்குள்ள பங்கருக்குள்ள கிடந்தும் நாங்க செபமாலைய விடல்ல. நீ அங்க ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு விட்டிட்டியோடா தம்பி?"

மகள் சிரிக்கவில்லை. "அப்ப எனக்கு இங்க கலியாணம் இல்லையா, சுவாமி?"

"இரிக்கு, பிள்ளை. சாட்சி ரெண்டு பேருக்கு முன்னால விசுவாசப் பிரமாணம் சொல்லி, இந்தத் தாள நிரப்பித் தாங்க. ஆயர் அனுமதி வந்தாத்தான் ஓலை வாசிப்பன்."

எனக்கும் மனைவிக்கும் நேரேயும் அதே குறிப்பு இருந்ததால், மூவருக்கும் மூன்று தாள்கள் வந்தன. 'விலகியதன் காரணம்' என்றொரு கட்டம் ஒவ்வொன்றிலும் இருந்தது. மனைவி 'கணவர் சொன்னதால்' என்று எழுதினாள். மகள் 'அப்பா' என்று மட்டும் எழுதினாள். எனக்குச் சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. நாற்பது பக்கக் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதக்கூடிய என்னால், 'வரி' என்னும் இரண்டெழுத்தை எழுத இயலவில்லை. பிறகு தருவதாகச் சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"அப்பிடியெண்டா உங்களுக்கு நற்கருணை தரேலாது, ஐயா" என்றார் சுவாமியார், மெல்ல.

முதல் ஓலைக்கு முதல்நாள் ஆயரின் அனுமதி வந்தது. மகளுக்கும் மனைவிக்கும் மட்டும்.

திருமண நாளில் மகளைப் பீடம்வரை நானே அழைத்துச் சென்றேன். அதற்குப் படிவம் ஏதும் கேட்கவில்லை. நற்கருணை அப்பம் பெறும் நேரம் வந்தபோது எம் வாங்கு முழுவதும் எழுந்தது. மனைவி என்னைக் கடந்து சென்றாள். தமக்கையார் ஒருகணம் நின்று, "எழும்பன்டா" என்று முணுமுணுத்தார். முழங்கால்களை மடக்கி அவருக்கு வழிவிட்டேன். கோயிலே எழுந்து நடந்தது. அமர்ந்திருந்தவர்கள், பாசிக்குடா விடுதியிலிருந்து வந்திருந்த மகளின் செருமானிய நண்பர்கள் நால்வரும் நானுமே. அவர்களுள் ஓர் இளைஞன் வெறுமையான வாங்கில் தனித்திருந்த என்னைப் பார்த்தான். புன்னகையுடன் சற்று நகர்ந்து, தன்னருகே எனக்கு இடம் விட்டான்.