அண்ணன் பயப்படாத படம்

அண்ணனைப் பயமுறுத்தத்தான் அந்தப் படத்துக்குக் கூட்டிப் போனேன்.

காரணம் இருந்தது. எனக்குக் கல்யாணமாகும் முன், அவனியாபுரம் வீட்டில் அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போயிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். மறுபடியும் அடித்தது. "பின்வாசலப் பூட்டிட்டியா?" என்றது ஒரு கரகரத்த குரல். பிள்ளையை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டு அலறினேன். பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத்தான் எங்களை வெளியே எடுத்தார்கள்.

பேசியது அண்ணன். சிடியில் பார்த்த இங்கிலீஷ் படத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை ஒருவன் அப்படித்தான் மிரட்டுவானாம்.

அதன் பிறகு எந்த விசேஷத்திலும் இந்தக் கதைதான். "எந் தங்கச்சி தைரியம் எம்புட்டுன்னு கேளுங்க மாப்ள" என்று தொடங்குவார். என் கல்யாணப் பந்தியிலும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வருடம் கழித்து அதே படத்தைப் புதிதாக எடுத்து, தமிழில் பேசவைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதியக் காட்சிக்கு அண்ணனை இழுத்துப் போனேன். அவர் நடுங்குவதைப் பார்த்து, அதை நான் பந்தி பந்தியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

படம் காலை வாரிவிட்டது. பயங்கர வீடு என்று காட்டியது நகைக்கடை மாதிரி பளபளத்தது. மிரட்டுகிறவனுக்குக் குரல் கொடுத்தவர் ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்வதுபோலப் பேசினார். "அண்ணே, ராங் நம்பர்ணே!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்த, தியேட்டரே சிரித்தது. அண்ணன் குறட்டை விட்டார். அந்தப் படத்தை எடுத்தவன் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

"இதுக்கா பாப்பா அன்னைக்கு அம்புட்டுக் கத்துன?" என்றார் வெளியே வந்ததும்.

மறு வருடம் என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் பட்டு வேட்டியும் சீர்த்தட்டுமாக வந்து மணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. என் மாமனாரைப் பார்த்து அதே குளியலறைக் கதையைத் தொடங்கினார்.

நீட்டிய பிள்ளையை இழுத்துக்கொண்டேன். கூட்டத்தில் நின்ற பெரியப்பா மகனைக் கூப்பிட்டேன். "அண்ணே, நீங்க வந்து உக்காருங்க."

"என்ன பாப்பா இது?" என்றார் அண்ணன்.

"அன்னைக்கு எங் கையில இருந்தது உங்க பிள்ளைண்ணே. பெத்த பிள்ளைய வச்சே விளையாடுனவரு மடியில எம் பிள்ளைய எப்பிடி உக்கார வைக்க?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து, சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார். தட்டு நடுங்கியது. நான் கண்கொட்டாமல் பார்த்தேன்.