வாயுள்ள பிள்ளையின் பரீட்சை

கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததில், மகள் நாலாம் வகுப்பு முழுவதையும் ஐந்தாம் வகுப்பில் பெரும்பகுதியையும் என் போனில்தான் படித்தாள். டீச்சர் பாடத்தைப் பேசிப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். கட்டுகஸ்தோட்டைக்கு மேலே மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே நின்று பாடத்தைக் கேட்பாள். அங்கேயே நின்று பதிலையும் பேசி அனுப்புவாள். "வெரி குட் மகள், எல்லாம் சரி" என்று டீச்சரின் குரல் திரும்பி வரும். பருப்பு தாளித்தபடியே நானும் பின்னக்கணக்கு படித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மகள் கெட்டிக்காரி. ஆனா வாய மூடிக்கிட்டு செய்யச் சொன்னா கணக்கு நின்னு போகுது. அவ மட்டும் இல்லங்க, பாதி வகுப்பு அப்படித்தான் இருக்கு."

புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. ஐந்தாம் வகுப்பில், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எழுதுவது. வெட்டுப்புள்ளி என்று அவர்கள் வைக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டினால் கண்டி நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும். மண்டபத்தில் வாய் திறக்கக் கூடாது.

எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, இப்போது வந்து வழி கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? வீட்டில் கம்ப்யூட்டரும் டியூஷனும் இருந்த பிள்ளைக்கும் ஜன்னலோரம் நின்று படித்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளா? எழுத வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து என்னை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்ததும் இதே பரீட்சைதான். எனக்குத் திறந்த கதவை என் பிள்ளைக்கு நானே எப்படிச் சாத்துவது?

"எழுதட்டும். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் கணவர்.

"அந்த வாய்தாங்க இங்க பிரச்சினையே" என்று அவர்மீது பாய்ந்தேன்.

கடைசியில் எழுதட்டும் என்றே முடிவானது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லிப் பழக்கினேன். இரண்டாவது கணக்கிலேயே மடக்கென்று விழுங்கிவிட்டு, "ஆறால பிரிக்கணுமாம்மா?" என்பாள். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பரீட்சையன்று பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மாரோடு காத்து நின்றேன். வெளியே வந்தவள் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

"மாஸ்க்குக்குள்ளயே மெதுவா பேசினேம்மா. சத்தமே வரல. யாருக்கும் தெரியல!"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். எங்கள் தலைமுறைக்குத் தோன்றாத தந்திரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"அப்படிப் பேசினா லேட்டாகுதும்மா. கடைசிப் பக்கத்த வாசிச்சேன். எழுதுறதுக்குள்ள மணி அடிச்சிருச்சி."

பிறகு அந்தப் பக்கத்தை ஒப்பிக்கத் தொடங்கினாள். காதால் படித்த பிள்ளை. ஒருமுறை வாசித்தது போதும். கேள்வியைச் சொல்வாள், பதிலைச் சொல்வாள், அடுத்ததற்குப் போவாள். முன் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் சரி. ஒன்றுகூடத் தவறவில்லை.

முடிவு வந்தபோது வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றாள். அந்தக் கடைசிப் பக்கத்தில் பாதி எழுதியிருந்தாலே போதும். கணவர் போனை என்னிடம் நீட்டினார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம், தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு கேட்டாள்:

"பஸ்ல சொன்னதையும் சேத்தாங்களாம்மா?"