துபாயில் வைத்த மயில்

நான்காம் வகுப்பில் எங்கள் மிஸ் தபால்தலைகளை வைத்து ஒரு விளையாட்டு உண்டாக்கினார். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளி. கரும்பலகையைத் தவிர வேறெதுவும் பெரிதாகக் கிடையாது. கிடைத்த ஸ்டாம்பையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, தரையில் சார்ட்டை விரித்தார். மூன்று சுற்று. முதலில் பறவை, மரம், தலைவர் என்று பிரிக்க வேண்டும். அடுத்து, விலைகளைக் கூட்ட வேண்டும். மூன்றாவது சுற்றுக்கு உலக வரைபடம்: ஸ்டாம்பை அதனதன் நாட்டின்மேல் வைத்தால் ஐந்து பாயிண்ட். வெளிநாடு என்றால் பத்து.

அந்தப் பத்து எனக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். திருமுக்கூடலில் வாழ்க்கைப்பட்ட அத்தை அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்தார். மாமா துபாய்க்குப் போயிருந்தார். அவரை அனுப்ப அப்பா ஏரிப்பக்கத்து நிலத்தை விற்றிருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். தபால்காரரிடம் ஓடிப்போய் வாங்குவது அத்தைதான். அவர் குளிக்கப் போன நேரத்தில் ஓர் உறையின் மூலையைத் தண்ணீரில் ஊறவைத்து, மயில் படம் போட்ட ஸ்டாம்பை உரித்தேன். எழுத்தைப் படிக்கவில்லை. மாமா அனுப்பியது, ஆகவே துபாய்.

மறுநாள் மயிலைத் துபாயின்மேல் வைத்தேன். மிஸ் அதை எடுத்து இந்தியாவின்மேல் வைத்தார்.

“எங்க மாமா துபாய்ல கீறாரு மிஸ்.”

“இருக்கட்டும்மா. ஸ்டாம்புல இந்தியான்னு போட்டிருக்கே.”

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. “ஒங்க மாமா துபாய்ல இல்லடி, தூசில கீறாரு.” தூசி, காஞ்சிபுரத்தைத் தாண்டினால் வரும் ஊர். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா லெட்டர்ல இன்னாத்துக்கு அத்த நம்மூர் ஸ்டாம்பு ஒட்டிகீது? எனக்குப் பத்து பாயிண்ட் போச்சு.”

அத்தை நிமிரவில்லை. “அவருகூட வேல செய்றவரு லீவுல வந்தாரு. அவராண்ட குட்த்து அனுப்ச்சாரு. பம்பாய்ல எறங்கி போஸ்ட் பண்ணிகீறாரு.”

“எந்த ஊர்க்காரராம்?” என்றார் அப்பா.

“கேக்கலண்ணா.”

அப்பா டீயைக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்டித்தான் குட்த்து அனுப்புவாங்க,” என்றார்.

விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற உறைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து உறை, ஐந்திலும் இந்திய ஸ்டாம்பு. மயிலோடு சேர்த்து ஆறு பேர் லீவில் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். இனிமேல் அங்கே யாருக்கும் லீவு கிடைக்கக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த கடிதம் வந்தபோது வாசலில் அப்பா நின்றிருந்தார். முதன்முறையாக அவர் வாங்கினார். உறையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்டாம்பின்மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி உள்ளே வந்து, “மாப்ள லெட்டர்மா,” என்று அத்தையிடம் நீட்டினார். அத்தை வாங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

நான் உரித்துவிடுவேன் என்றுதான் மறைக்கிறார் என நினைத்தேன். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.