வீட்டில் தங்காத வலது கை

என் அக்கா மஸ்தூராவின் கணவர் எர்காஷுக்கு எந்த வேலை கிடைத்தாலும் அவருடைய வலது கை அதைக் கெடுத்துவிடும். மனிதர் குடிக்க மாட்டார், சோம்பேறி இல்லை, பொய் சொல்ல வராது. யாராவது ஸலாம் சொன்னால் மட்டும் போதும். அந்தக் கை எழுந்து நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும், தலை தாழும், கண் பாதி மூடும். எங்கள் ஊர் கோக்கந்தில் எல்லாரும் இப்படித்தான் பதில் ஸலாம் சொல்கிறோம். ஆனால் கையில் வேலை இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அது எர்காஷுக்கு முடியாது. கையை நெஞ்சில் வைக்காத ஸலாம் பாதி ஸலாம் என்பார்.

முதலில் வேன் ஓட்டினார். சந்தைத் தெருவில் இடப்பக்கம் ஒருவர் ஸலாம் சொன்னார், வலப்பக்கம் ஒருவர் சொன்னார். வேன் நேராகத் தர்பூசணிக் குவியலுக்குள் போய் நின்றது. இறங்கியவர் நசுங்கிய பழங்களைப் பார்க்கவே இல்லை. கடைக்காரரின் தாயாருக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு முடி திருத்தும் கடை. கையில் சவரக் கத்தி, வாசலில் ஆள். என் அக்கா அந்த வருடம் முழுவதும் நெஞ்சுப் பக்கம் கிழிந்த சட்டைகளைத் தைத்தாள்.

அதற்குப் பிறகு கல்யாணங்களில் தாயிரா அடித்தார். வட்டமான கைப்பறை அது. அவருடைய தாளத்துக்கு நொண்டியும் ஆடுவான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணம் என்றால் விருந்தாளி வருவான். வருகிறவன் ஸலாம் சொல்வான். பறை நிற்கும். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார்கள். கை திரும்பி வரும், கால் தரையைத் தொடும், அதற்குள் அடுத்த விருந்தாளி வந்துவிடுவான். கடைசியில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை என்றாகிவிட்டது. பல வருடம் அடித்ததில் விரல் நுனிகள் காய்த்து மரத்துப்போனதுதான் மிச்சம்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. சந்தையில் செல்போன் பழுது பார்க்கிறேன், பத்துப் பேர் வந்து போகும் இடம். "உன் மச்சான் இப்ப எந்த வேலைய விட்டாரு?" என்று கேட்காதவன் கிடையாது.

அக்கா நீலக் கட்டம் போட்ட பெரிய பை ஒன்றை வாங்கிக் கதவோரம் வைத்தாள். எங்கள் ஊரில் அந்தப் பையைப் பார்த்தாலே விஷயம் புரியும். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தூக்கிப்போகும் பை. போனவர்களில் பாதிப் பேர் குழந்தைகளின் முகத்தை போனில்தான் பார்க்கிறார்கள்.

"அங்க யாரும் யாருக்கும் ஸலாம் சொல்ல மாட்டாங்களாம். உங்க கைக்கு நல்லா ஓய்வு கிடைக்கும்" என்றாள் அக்கா.

எர்காஷுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அமெரிக்காவில் ஓடும் லாரிகளை எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு மேய்க்கிற ஆபீஸ் ஒன்றை தவ்ரோன்பெக் என்கிற இளைஞன் நடத்துகிறான். எந்த லாரி எந்த ஊரில் எதை ஏற்ற வேண்டும் என்று இங்கிருந்தே இங்கிலீஷில் டைப் அடித்துச் சொல்ல வேண்டும். மூடிய அறை, கண்ணாடிக் கதவு, வெளியாள் வரமாட்டான். இந்த மனிதருக்கென்றே செய்த வேலை. நான் போய்க் கெஞ்சினேன்.

"இங்கிலீஷ் கொஞ்சம் தெரிஞ்சா போதும் அண்ணே, மிச்சத்த நாங்க சொல்லிக் குடுத்துடுவோம். ஆனா கீபோர்டப் பாக்காம பத்து விரலாலயும் அடிக்கணும். நிமிஷத்துக்கு நாப்பது வார்த்தை. அமெரிக்காவுல இருந்து ஒரு அம்மா கேமராவுல பாத்துட்டே பரீட்ச வெப்பாங்க" என்றான்.

பக்கத்து வீட்டு ஸியோதா பயிற்சி மையம் ஒன்றில் டைப்பிங் சொல்லிக் கொடுக்கிறவள். தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் வந்து உட்கார ஒப்புக்கொண்டாள். என் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தேன்.

"மாமா, நடுவுல இருக்கே, இதுதான் வீட்டு வரிசை. விரலெல்லாம் இங்கதான் குடியிருக்கணும். மேல போனாலும் கீழ போனாலும் வேலைய முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்துடணும். வழியில எங்கயும் நிக்கக் கூடாது" என்றாள்.

"கல்யாணமான ஆம்பளைக்குச் சொல்ற மாதிரியே சொல்றியேம்மா" என்றார் எர்காஷ்.

"அப்படியாவது காதுல ஏறட்டும்" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

முதல் வாரம் நடு வரிசை மட்டும். அந்த எழுத்துகளை வைத்து எழுதக்கூடிய இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம்தான். அதனால் பாடம் முழுக்க ஒரு சோகமான பையன், அவனுடைய அப்பா, ஒரு கண்ணாடிக் குவளை என்றே வந்துகொண்டிருந்தது. எர்காஷ் இரண்டு நாள் பொறுமையாக அடித்தார். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார்.

"இந்தப் பையன் ஏம்மா சோகமா இருக்கான்?"

"அது சும்மா பயிற்சிக்கு மாமா."

"பயிற்சிக்குன்னா? மூணு நாளா சோகமாவே இருக்கான். அவங்கப்பாவும் பக்கத்துலயே இருக்காரு. ஒருத்தராவது என்னன்னு விசாரிச்சாங்களா?"

அன்றைக்கு அவர் மேற்கொண்டு அடிக்கவில்லை. ஸியோதா என்னைப் பார்த்தாள், நான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லா வரிசைகளும் பழகியபிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நலமா, வீட்டில் நலமா, பிள்ளைகள் நலமா, அம்மாவுக்கு உடம்பு எப்படி, அலுப்பு இல்லையே என்று நாங்கள் தெருவில் மூச்சு விடாமல் கேட்பதை எல்லாம் இங்கிலீஷில் எழுதி, அதையே தினப்பாடமாகக் கொடுத்தாள். எர்காஷ் பறந்தார். பழைய தாயிரா தாளம் விரலில் ஏறிவிட்டது.

ஆனால் கை? காலையில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருப்பதில்லை. எர்காஷ் அமெரிக்கா வேலை படிக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒருவர் மாற்றி ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வருகிறவர் ஸலாம் சொல்வார், வலது கை நெஞ்சுக்குப் போகும். திரும்பி வரும்போது ஓர் எழுத்து தள்ளி இறங்கும். வழி தெரிவதற்காக இரண்டு எழுத்துகளின் மேல் சின்ன மேடு வைத்திருக்கிறார்கள், விரலால் தடவினால் வீடு தெரியும். இவருடைய காய்த்த விரலுக்கு அது தெரியவே இல்லை. குனிந்து பார்க்கக் கூடாது என்று ஸியோதா சொல்லியிருந்ததால் பார்க்கவும் மாட்டார். ஒரு பக்கம் முழுக்க, வேகம் குறையாமல், யாருக்கும் புரியாத ஒரு பாஷையை அடித்து முடித்துவிட்டுச் சிரிப்பார்.

அக்கா ஒரு நாள் அவருடைய வலது மணிக்கட்டை இடுப்புத் துணியால் மேசையோடு சேர்த்துக் கட்டினாள். சிறிது நேரத்தில் இமாம் உள்ளே வந்து ஸலாம் சொன்னார். கையோடு மேசையும் எழுந்தது. தேநீர்க் கூஜா இமாமின் அங்கி மேல் கவிழ்ந்தது.

பிறகு தெருப் பெரியவர் ஹோஷிம் ஒரு தீர்ப்புச் சொன்னார். பாடம் நடக்கிற நேரத்தில் எர்காஷுக்கு யாரும் ஸலாம் சொல்லக் கூடாது. எல்லாரும் ஒப்புக்கொண்டு, அவர் வீட்டு வாசல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். அவரிடம் இதைச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டே நாளில் ரொட்டியும் ஹல்வாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்விட்டார்.

"ஹோஷிம் அண்ணே, நான் என்ன தப்பு செஞ்சேன்? அடிச்சாக்கூட அடிங்க. மூஞ்சியத் திருப்பிக்காதீங்க."

ஹோஷிம் அழுதேவிட்டார். தீர்ப்பு ரத்தாகி, மறுநாளிலிருந்து ஸலாம் இரண்டு மடங்கானது.

இந்த லட்சணத்தில் பரீட்சை நாள் வந்தது. அங்கே காலை என்றால் இங்கே மாலை. நானும் அக்காவும் ஸியோதாவும் தவ்ரோன்பெக் ஆபீஸின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். திரையில் டோரத்தி என்கிற வெள்ளைத் தலை அம்மாள் ஒருத்தி தெரிந்தாள். எர்காஷ் தொடங்கினார், நன்றாகவே போனது. அப்போது பார்த்து தவ்ரோன்பெக்கின் தகப்பனார், நல்ல மனிதர், ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தார்.

கை நெஞ்சுக்குப் போனது. கேமராவில் டோரத்தி பார்த்ததெல்லாம், வியர்த்து வழிகிற ஒரு நடுவயதுக்காரர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண் சொருகிக் குனிந்ததைத்தான். அவள் பதறிப்போய்த் தன் நெஞ்சில் கை வைத்தாள். திரும்பிய எர்காஷ் அதைப் பார்த்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய மனுஷி ஸலாம் சொல்கிறாள்! இன்னும் நன்றாகக் குனிந்து பதில் சொன்னார். அவள் கத்திக்கொண்டே மறுபடி நெஞ்சைப் பிடித்தாள். இவர் மறுபடி குனிந்தார். விட்டால் விடிய விடிய நடந்திருக்கும். டோரத்தி போன் செய்து, தவ்ரோன்பெக் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, எர்காஷை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்றார் டாக்டர்.

தெருவில் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தவர்கள் கலங்கிப்போய் ஸலாம் சொன்னார்கள். படுத்தபடியே எல்லாருக்கும் கையை நெஞ்சில் வைத்துப் பதில் சொன்னார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னார்.

இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை, பரீட்சை வைக்கலாம் என்று தவ்ரோன்பெக் சொன்னான். அக்கா அந்தப் பைக்குள் குளிர்காலக் கோட்டையும் கம்பளிக் காலுறைகளையும் அடுக்கினாள். அவள் திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

பயிற்சி நடந்தது. எர்காஷின் முதுகுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்று ஸலாம் சொல்லிச் சோதித்தது. ஒவ்வொரு தடவையும் கை எழுந்தது. "மன்னிச்சுக்கம்மா, அது என்னக் கேக்கறதில்ல" என்பார் ஸியோதாவிடம்.

இரண்டாவது பரீட்சைக்குத் தவ்ரோன்பெக் தன் தகப்பனாரை ஊருக்கே அனுப்பிவிட்டான். கண்ணாடிக் கதவில் காவலுக்கு நான் நின்றேன், பக்கத்தில் அக்காவும் ஸியோதாவும். உள்ளே ஈ கூட இல்லை. திரையில் வெங்காய லாரி ஒன்றைப் பற்றி நீளமாக ஒரு பக்கம் வந்தது. எர்காஷ் அடிக்கத் தொடங்கினார். பாதிப் பக்கம் தாண்டியிருக்கும். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது டோரத்தி, போன தடவை நடந்தது ஸலாம் என்று தவ்ரோன்பெக் எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, திரையில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். மரியாதையாக வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினாள். அடிப்பாவி என்று முனகினேன்.

எர்காஷின் கை எழுந்தது. ஒரு ரொட்டித் துண்டின் உயரத்துக்கு எழுந்து அப்படியே நின்றது. அவர் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தார். கை இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. பிறகு மெல்ல வீட்டு வரிசையில் உட்கார்ந்தது. விரல்கள் முன்னைவிட வேகமாக ஓடின.

"மாமா ஜெயிச்சுட்டாரு!" என்று குதித்த ஸியோதா சட்டென்று நின்றாள். கண்ணாடி வழியாகத் திரையைப் படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... வெங்காயத்துக்கு நடுவுல என்ன எழுதறாரு பாருங்க!"

அவளே படித்துச் சொன்னாள். நலமா அம்மா? வீட்டில் நலமா? பிள்ளைகள் நலமா? உங்கள் தாயாருக்கு உடம்பு எப்படி? அலுப்பு இல்லையே? ஒன்றுவிடாமல் கேட்டு முடித்துவிட்டு, மறுபடி வெங்காய லாரிக்குப் போயிருந்தார்.

நேரம் முடிந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? பாடத்தில் இல்லாத வார்த்தைகள் எல்லாம் பிழை என்று சிவப்பாகக் காட்டித் தோல்வி என்றது.

"வா இஸ்மத், போய் மாஸ்கோவுக்கு டிக்கெட் எடு" என்றாள் அக்கா என்னிடம். என் ஆயுளில் நான் அந்த மனிதரை அவ்வளவு வெறுத்ததும் இல்லை, அவ்வளவு மதித்ததும் இல்லை.

டோரத்தி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்பு எழுத்துகளைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு தானும் டைப் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டே விரல்! ஒவ்வோர் எழுத்தையும் குனிந்து தேடித் தேடிக் குத்தினாள். ஊருக்கெல்லாம் பரீட்சை வைக்கிறவள் இவள்!

"எழுந்து வாங்க அண்ணே" என்றான் தவ்ரோன்பெக்.

"இருப்பா. அந்தம்மா பதில் சொல்லிட்டிருக்காங்க. நடுவுல எழுந்தா மரியாதையா?" என்றார் எர்காஷ். பத்து விரலும் வரிசையிலேயே இருந்தன.

பதில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது, ஸியோதா படித்தாள். நலம். முழங்கால் வலிக்கிறது. அம்மா இறந்து நாளாகிவிட்டது. மகன் தூரத்தில் இருக்கிறான், போன் செய்வதில்லை. இந்த ஆபீஸில் இத்தனை வருடத்தில் இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் அடித்த சிவப்பு வார்த்தைகள் பிழை இல்லை, அவை எனக்கு வந்தவை. அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

சிவப்பு மறைந்தது. தேர்ச்சிக்கு வேண்டிய நாற்பதுக்கு மேல் இரண்டு வார்த்தை கூடவே இருந்தது.

அக்கா கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து அழுதாள். எர்காஷ் அசையவில்லை. டோரத்தி கடைசி எழுத்தைக் குத்தி முடித்து நிமிரும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான், இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டிருந்த அந்த வலது கை எழுந்து நெஞ்சுக்குப் போனது.

அந்த நீலப் பையில் அக்கா இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.