துட்டி வீட்டுக்கு நெட் கொடுத்தது

சாவு விழுந்த வீட்டில் எனக்குக் கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. வெளியே சொல்லக்கூடாத விஷயம்தான். சகலை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார். என் மனைவி அவள் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எங்கள் பக்கத்துத் துட்டி வீடுகளில் ஆண்கள் எப்படி இருப்பார்களோ அப்படி, தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்: "யாரு போன்லயாவது நெட்டு வருதாவே?"

முற்றத்தில் எல்லாரும் சட்டைப் பையைத் தடவினார்கள். ஒருவருக்கும் வரவில்லை. முந்தின நாள் அடித்த ஐப்பசிக் காற்றில் வாழையெல்லாம் படுத்துவிட்டது. மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் போனதால் டவரும் போய்விட்டது. ஊரே ஒரே கம்பெனியின் சிம்மைப் போட்டிருந்தது. நான் மட்டும், பாளையங்கோட்டையில் எல்லாரும் கேலி செய்த வேறொரு கம்பெனியின் சிம்மைப் பிடிவாதமாக வைத்திருந்தேன். என் போனில் சிக்னல் பயிர் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"எனக்கு வருது" என்றேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு கம்பீரமாக எதையும் சொன்னதில்லை.

சகலை ஊர் ஏரலுக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி இருக்கிறது. அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் மஸ்கட்டில் வேலை. அவன் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டது. அது கைக்கு வர எத்தனை நாளாகும் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏரலுக்குப் போய்ப் போன் செய்து அப்பா போன செய்தியைச் சொன்னதும், எனக்காக வைத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவனே சொல்லிவிட்டான். எடுப்பதற்கு முன்னால் முகத்தை ஒரு தடவை காட்டினால் போதும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

அவன் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவது ஒரு டேப்பில். பலகை போல அகலமான திரை. அதில் சிம் கிடையாது, வீட்டு நெட்டில் ஓடுவது. மதினி, அதாவது என் மனைவியின் அக்கா, விளக்கேற்றிவிட்டு அதை அலமாரியில் சாய்த்து வைப்பாள். அவன் வந்து சாப்பிட்டாயா என்று கேட்பான். மதினிக்குக் கண்ணில் புரை. சின்னத் திரையில் மகன் முகம் பிடிபடாது. "அவன் அதுலதான் வருவான்" என்று அந்த டேப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு நெட் பெட்டியோ மின்சாரத்தோடு செத்துப் போயிருந்தது.

ஆகவே, என் போனிலிருந்து அந்த டேப்புக்கு நெட் கொடுக்க வேண்டும். உலகத்தார் இதற்கு ஹாட்ஸ்பாட் போடுவார்கள். நான் போடமாட்டேன். எந்தச் சாமான் வாங்கினாலும் கூட வரும் கையேட்டை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் நான். அப்படிப் படித்ததில் எனக்குள் ஒரு சித்தாந்தமே உருவாகியிருந்தது: ஹாட்ஸ்பாட் போடுவது அணையைத் திறந்துவிடுவது. புளூடூத்தில் நெட் கொடுப்பது வயல் மடையில் ஒரு கை மண்ணை மட்டும் எடுத்துவிடுவது. தண்ணீர் பைய வரும். ஆனால் வேண்டிய வயலுக்கு மட்டும் போகும், அணையும் சீக்கிரம் வற்றாது. அலுவலகத்தில் இதை நான் விளக்க ஆரம்பித்தால் ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அன்று என் போனில் சார்ஜ் வேறு குறைவு. ஊருக்கு வந்திருந்த ஜெனரேட்டரில் ஓடியது சகலை இருந்த பெட்டி மட்டும்தான். அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் போனைச் செருகும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

எனவே புளூடூத். சித்தாந்தத்தை நிரூபிக்க இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு சாதனங்களையும் அருகருகே வைத்து, ஒன்றை ஒன்றுக்கு அறிமுகப்படுத்தி, இரண்டிலும் சம்மதம் வாங்கி முடித்தபோது, பின்னால் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னவே, தாம்பூலம் மாத்துத மாதிரி செய்யுதீரு?" என்றார் சகலையின் பெரியப்பா மகன். சாவுச் சடங்குகளை முன்னின்று நடத்துகிறவர் அவர். ஊரில் எல்லாருக்கும் அண்ணாச்சி.

"வந்துரும் அண்ணாச்சி. இது பைய வரும், ஆனா நிக்கும்."

வந்தான். சின்னச் சின்னக் கட்டங்களாக, கோலம் கலைந்த மாதிரி ஒரு முகம். மதினி வீறிட்டாள்: "எய்யா, வந்துட்டியாய்யா! உங்கப்பா போய்ட்டாவளேய்யா!"

அவன் அழுததும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. டேப்பைப் பெட்டிக்கு நேரே திருப்பினோம். கண்ணாடி மேல் ஆவி படிந்திருந்தது. உள்ளே மாலை மேல் மாலை. எங்கள் தலைகளெல்லாம் கண்ணாடியில் தெரிந்தன, சகலையைத் தவிர.

"ஒண்ணும் தெரியல சித்தப்பா."

"போட்டோ எடுத்து அனுப்பட்டுமாய்யா?"

"போட்டோ வேண்டாம். அது போன்லயே கிடக்கும். என்னைக்காவது வேற எதையோ தேடும்போது முன்னால வந்து நிக்கும். நேர்ல ஒரு தடவ பாத்தாப் போதும்."

நேரில் என்று அவன் சொன்னது இதைத்தான்.

அண்ணாச்சி சமாதானம் சொன்னார். "குளிப்பாட்டுததுக்கு வெளிய எடுப்போம்லா, அப்ப நல்லாப் பாக்கட்டும். அதுவரைக்கும் நீ இருய்யா, போயிராத."

"இருக்கேன் பெரியப்பா" என்றான். டேப்பைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டார்கள். துட்டி கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அழுகிற வீட்டில் ஒரு டேப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்க யாருக்குக் கை இருக்கும்? கூரையைப் பார்த்துக் கிடந்த அந்தத் திரைக்குப் பக்கத்தில் நான், போனை மடியில் செருகிக்கொண்டு, ஆலயக் கொடிமரம் போல நின்றேன். முப்பது அடிக்கு மேல் நகரக்கூடாது, இடையில் சுவர் கூடாது என்று கையேடு சொல்லும். நகரவில்லை.

அப்புறம் நீர்மாலைக்கு நேரமாகிவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. கொள்ளி வைக்கிறவர் குடத்தைச் சுமந்து வருவார். அவர் தலைக்கு மேல் வேட்டியை விரித்து நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். முன்னால் மேளம், சங்கு. மகன் இல்லாததால் சகலையின் தம்பி மகன் குடம் எடுத்தான். முனை பிடிக்கப் பங்காளிகளைத் தேடினால் மூன்று பேர்தான் தேறினார்கள். மற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் டேப்புகளுக்குள் இருந்தார்கள்.

"நீரு வாரும் வே, ஒரு முனையப் பிடியும்" என்றார் அண்ணாச்சி.

"நான் சகலைல்லா அண்ணாச்சி, முறை வருமா?"

"முறை பாத்தா வேட்டி தரையில கெடக்கும். சட்டையக் கழத்தும்."

சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். மடியில் இருந்ததை யார் நினைத்தார்கள்? மடியில் இருப்பது மடியில் இருக்கும். சங்கு ஊதினார்கள். நடந்தோம். மனைவி பின்னாலிருந்து ஏதோ கத்தினாள். அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.

சாய்ந்த வாழைகளுக்கு நடுவே பாதை. ஆறு செந்தண்ணீராக, கரைக்குக் கொஞ்சம் கீழே போய்க்கொண்டிருந்தது. குடம் நிரப்பியவனோடு சேர்ந்து நானும் குனிந்தபோது மடியில் ஏதோ வயிற்றில் குத்தியது. தொட்டுப் பார்த்தேன். போன்தான். ஊருக்கே நெட் கொடுத்துக்கொண்டிருந்தவன் நெட்டோடு ஆற்றங்கரையில் நிற்கிறேன். டேப் அங்கே கட்டிலில். வீட்டில் பெண்கள், ஆற்றில் ஆண்கள் என்று பிரித்து வைத்த சடங்கு, புளூடூத்தையும் அதே இடத்தில் பிரித்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் முன்னால ஓடுதேன். அங்கன அவன் காத்துக்கிட்டு இருக்கான்."

"முனைய விட்டுட்டா? கிறுக்கு பிடிச்சிருக்கா வே உமக்கு? தலைக்கு மேல துணி விழக்கூடாது. பைய வாரும்."

மேளக்காரர்கள் துக்கத்துக்கு உரிய நிதானத்தில் அடித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேளம் வேகமாக அடிக்காதா என்று ஏங்கினேன். பாதி வழியில் மழை பிடித்தது. நான்கு பேரும் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நனைந்தோம். குடத்துக்கு மட்டும் கூரை இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முனையை யார் கையிலோ திணித்துவிட்டுக் கட்டிலுக்கு ஓடினேன். திரையில் அவன் இல்லை.

"எவ்வளவு கத்துனேன்?" என்றாள் மனைவி. "நீங்க தெரு முக்கு திரும்புனதும் போய்ட்டான்."

சகலையை வெளியே எடுத்துப் பெஞ்சில் வைத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். என் விரல் ஈரம். போன் என்னை யாரென்றே தெரியாது என்றது. வேட்டியில் துடைத்தேன். வேட்டி விரலைவிட ஈரம். மனைவி முந்தானையால் என் கட்டைவிரலைப் பிடித்துத் துடைத்தாள், பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. போன் திறந்தது. டேப்பில் "இணைக்கிறது" என்று வந்தது. வந்தது, அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்! பிள்ள முகம் பாக்கணும்!"

"பாக்கட்டும்யா, யாரு வேண்டாம்னா? ஆத்துல தண்ணி ஏறுது. சுடுகாட்டுக்குள்ள வந்துட்டா நாளைக்குத்தான். ஜெனரேட்டர்ல டீசலும் இல்ல. சட்டுனு பாக்கச் சொல்லும்."

திருநீறு பூசினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். சகலை முகம் அப்போதுதான் அவ்வளவு தெளிவாக இருந்தது. மதினி டேப்பின் கறுப்புத் திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருய்யா, பாருய்யா" என்றாள். அதில் அவன் இல்லை என்பது அவளுக்குத் தெரிகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் படிப்பு குறுக்கே வந்தது. இணைப்பு இப்படி நின்றுபோனால் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும் என்று கையேட்டில் உண்டு. மதினியிடமிருந்து டேப்பை வாங்கி அழித்தேன். இரண்டு சாதனமும் ஒன்றையொன்று அடியோடு மறந்தன. மறுபடி தேட ஆரம்பித்தன. முதலில் பக்கத்து வீட்டில் யாருடைய காதுக் கருவியோ கிடைத்தது. பிறகுதான் நான் கிடைத்தேன். மறுபடி அறிமுகம், மறுபடி சம்மதம். வாய்க்கரிசி போட்டாயிற்று. எனக்குப் பின்னால் சங்கு ஊதியது, மதினி வீறிட்டாள், பல கால்கள் ஒன்றாக வாசலைத் தாண்டின. நான் திரும்பவில்லை. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் வந்தபோது படம் வெகு தெளிவாக இருந்தது. ஒரு கட்டம்கூட இல்லை. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சைத் தூக்கிச் சாய்த்தாயிற்று. ஈரத் தரையில் ஒரு விளக்கு மட்டும் இருந்தது.

"சித்தப்பா, அப்பா எங்க?"

வாசலுக்கு ஓடித் தெருவைக் காட்டினேன். பாடை முக்கு திரும்பியிருந்தது. மழைதான் தெரிந்தது.

அவன், "முதல்ல ரொம்ப நேரம் ஒரு ஃபேன் தெரிஞ்சுது. அது சுத்தவே இல்ல. கரண்டு இல்லாததால நிக்கிதா, படம் நின்னுபோச்சான்னு தெரியல. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.

சார்ஜ் தீர்ந்து போனும் அணைந்தது. என் சித்தாந்தப்படி அது இன்னும் வெகு நேரம் வந்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் கிடைத்து அவன் வந்தபோது பதினாறாம் நாள் வரையிலான விசேஷங்களெல்லாம் முடிந்துவிட்டன. வாகைக்குளம் விமான நிலையத்தில் நான்தான் போய் அழைத்துவந்தேன். காரில் ஏறியதிலிருந்து அன்று நடந்ததற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். புளூடூத்துக்குச் சுவர் ஆகாது, தூரம் ஆகாது, ஒரு தடவை அறுந்தால் தானாக ஒட்டுவது சாதனத்தைப் பொறுத்தது, ஈர விரலைத் திரை ஏற்காது என்று ஒவ்வொன்றாக. ஹாட்ஸ்பாட் போட்டிருந்தாலும் ஆறுவரை எட்டியிருக்காது என்பதையும் நிறுவினேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நன்றாகக் கேட்கிற பிள்ளை, அப்பாவைப்போல. ஊர் எல்லை வந்ததும் திரும்பினான்.

"அதெல்லாம் சரி சித்தப்பா. உங்க போன்லதான் நெட்டு இருந்துச்சுல்லா? அதுல இருந்தே என்னையக் கூப்பிட்டிருக்கலாமே?"