உறையாத வேப்பெண்ணெய்

பந்தலுக்கு அடியில் செத்துக் கிடந்த பொறிவண்டுகளைத்தான் என் மாமியார் முதலில் பார்த்தார். சிவப்பு முதுகில் கருப்புப் புள்ளி வைத்த அந்த வண்டுகள், அவரைக்கொடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிகளைத் தின்பவை. எங்கள் தோட்டத்தில் அவற்றை யாரும் தொடக்கூடாது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தவர், நிமிர்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் நோக்கினார். பக்கத்து வீட்டு டிரைவரின் பந்தலில் பூச்சியே இல்லாமல் அவரை கொத்துக்கொத்தாகத் தொங்கியது.

நான் சந்தவாசலில் பிறந்தவள். கல்யாணமாகிக் காவலூர்ப் பக்கம் மலையேறி வந்த முதல் பனிக்காலம் அது. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். படவேட்டில் கரும்புக்கு மருந்தடித்த அவருடைய தம்பி, வயலிலேயே மயங்கி விழுந்து பிறகு எழுந்திருக்கவேயில்லை. அதிலிருந்து கடை மருந்து எதையும் அத்தை வீட்டுக்குள் விட்டதில்லை. அசுவினி அப்பிய கொழுந்துகளைக் கிள்ளிக் குழியில் புதைப்பார். மற்றவற்றைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்ப்பார். பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பல் தூவுவார். மிஞ்சிப்போனால், சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெயைக் கலக்கி இலையின் அடிப்புறம் தெளிப்பார். அப்படியும் கொஞ்சம் பூச்சி இருக்கும். "இருந்துட்டுப் போவட்டும், வண்டு இன்னா துன்னும்?" என்பார்.

டிரைவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு அவரே சமைத்துப் போட்டார். பறித்த அவரையில் எங்களுக்கும் ஒரு பங்கு வரும். அத்தை சிரித்த முகத்தோடு வாங்குவார். டிரைவர் தலை மறைந்ததும் ஆட்டுக்குக்கூடப் போடாமல் புதைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் செழிப்பைப் பொறுக்காத மனம் என்றுதான் நினைத்தேன்.

"இன்னா தம்பி அடிக்கற?" என்று ஒருநாள் அத்தை வேலியோரம் கேட்டார்.

"வேப்பெண்ணெதாங்க்கா. உங்களைப் பாத்துத்தான் கத்துகினேன். கீழே கடையில வாங்கினு வந்தேன்."

"எனக்கும் கொஞ்சம் குடேன்."

டிரைவர் கொடுத்ததை அத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, எங்கள் குப்பிக்குப் பக்கத்தில் வெளிச்சுவர் மாடத்தில் வைத்தார். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மலைக்குளிரில் எங்கள் எண்ணெய் நெய்போல உறைந்திருந்தது. டிரைவர் கொடுத்தது உறையாமல் தளும்பியது. மூக்கருகே கொண்டுபோனேன். கசப்பு வாடைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று நெடியடித்தது.

அத்தை குப்பியோடு நேரே வேலிக்குப் போனார். "இது வெறும் வேப்பெண்ண இல்ல. இன்னா கலந்த? மறைக்காத."

டிரைவரின் முகம் கறுத்துவிட்டது. "இன்னாங்க்கா பேசறீங்க? மாசமா இருக்கற என் பொண்ணுக்கே இதைத்தான் ஆக்கிப் போடறேன். விஷம் வைப்பேனா?"

"அவளுக்காவத்தான் கேக்கறேன்."

டிரைவர் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருடைய வண்டி மலையிறங்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர் பந்தலைச் சாய்த்துக் கொடியை வேரோடு பிடுங்கினார். காயும் பூவுமாய் எல்லாவற்றையும் குழி தோண்டிப் போட்டு மூடியபின்தான் வேலியருகே வந்தார்.

"வெறும் எண்ணெக்குப் பூச்சி சாவாதுன்னு கொஞ்சம் மருந்து சேத்துத்தான் கடைக்காரன் எல்லாருக்கும் குடுக்கறானாம். சிரிச்சுகினே சொல்றான்க்கா." மகள் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "எத்தினி தடவை துன்னுட்டாளோ."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நா கடைக்காரனைச் சந்தேகப்படல தம்பி. உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்," என்றார்.

மகளை வேலூருக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினார்கள். பிள்ளை பிறந்து அழும்வரை இரண்டு வீட்டிலும் யாருக்கும் நிம்மதியில்லை. நல்லபடியாகத்தான் பிறந்தது.

இப்போது அத்தை இல்லை. கடைக்குக் கடை இயற்கை மருந்து என்று எழுதிய பாட்டில்கள் நிற்கின்றன. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

பிள்ளை பிறந்த மறுவருஷம் டிரைவர் புதுக்கொடி போட்டு, முதல் காயைக் கொண்டுவந்தார். அத்தை அன்றே பொரியல் செய்து, டிரைவரை உட்காரவைத்து இலை போட்டார்.

"நீ மொதல்ல சாப்புடு," என்றார்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை இலையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதன் பிறகுதான் தனக்குப் பரிமாறிக்கொண்டார்.